தைத்த பக்கங்கள்

புத்தகக் கண்காட்சியில் மனித உடல் பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். நடுவில் இரண்டு தாள்கள் வெட்டுப்படாமல் ஒட்டியிருந்தன. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கோரிப்பாளையத்தில் அத்தாவுக்குத் தையல் கடை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்குப் படிக்காமல் இருக்க முடியாது. திமிங்கிலம், எரிமலை, எறும்பு என்று அட்டைப் படத்தைப் பார்த்தே அவளுக்குப் பழைய புத்தகங்கள் வாங்கி வருவார். மார்பில் கட்டி வந்து படுத்த வருஷம், அம்மா உடலைப் பற்றிய புத்தகம் கேட்டாள். வாங்கி வந்தவர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"அம்மா நோவைப் பத்தி எதுல போட்டிருக்கு, காட்டும்மா."

காட்டினேன். அந்தத் தாள்களைச் சேர்த்து மிஷினில் ஓரம் தைத்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார். அம்மா எதுவும் கேட்கவில்லை.

அவள் இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, அந்தப் புத்தகத்தை எடுத்தோம். அதே ஓட்டைகளில், அதே நிற நூல். ஆனால் மிஷின் தையல் இல்லை, கைத்தையல். அத்தா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் படிச்சிருக்கா" என்றார்.

"தாள் ஒட்டியிருக்காக்கா? கொடுங்க, பிரிச்சுத் தாரேன்" என்றாள் கண்காட்சிக் கடைப் பெண்.

"வேணாம்மா. வீட்டுல போய் நானே பிரிச்சுக்கிறேன்."