மலைப்பூண்டை எழுதி விற்றது

பூம்பாறையில் எங்களுக்குக் கொஞ்சம் பூண்டு வெள்ளாமை உண்டு. விளைவிப்பது என் வீட்டுக்காரர்; ஆன்லைனில் விற்பது என் சோலி. முதலில் இரண்டே வரிதான் போட்டிருந்தேன்: ‘கொடைக்கானல் மலைப்பூண்டு. இந்தப் பருவத்துச் சரக்கு.’ பூண்டைப் பற்றி அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது?

வாங்குகிறவர்கள் விடவில்லை. பல் பெரிதா, மண் ஒட்டியிருக்குமா, ஏன் வெள்ளையாக இல்லை என்று தினமும் கேள்வி. எங்கள் வீட்டில் சிக்னல் எடுக்காது. ஒவ்வொரு பதிலுக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். நான் ஏறுவதற்குள் பாதிப் பேர் வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.

சலித்துப்போய் ஒரு மழைநாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். பல் சின்னது, உரிக்கச் சிரமம். புகையில் காயவைத்ததால் புகை வாடை அடிக்கும். காரம் அதிகம், வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். கூடவே உள்ளங்கையில் பூண்டை வைத்து ஒரு படம். அரிவாள் பட்ட விரலில் துணி சுற்றியிருந்தது, அப்படியே போட்டேன்.

கேள்வி நின்றது. ஆர்டரும் நின்றது.

நான் மேட்டில் நின்றபோது, கொடைக்கானலில் ஓட்டல் ரிசப்ஷனில் இருக்கும் என் தங்கச்சி போன் செய்தாள். “ஏங்க்கா, கொறையெல்லாம் நீங்களே எழுதி வச்சிருக்கீங்க? வெந்நி காலையில மட்டுந்தான் வரும்னு நாங்க போட்டா எவன் ரூம் எடுப்பான்?”

“வந்து பாத்துட்டுத் திட்டுவாங்கள்ல?”

“வந்தப்புறம்தான திட்டுவாங்க.”

அந்த வாரமே திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். புகை வாடை அடிக்கும் என்று படித்து வாங்கினாராம். வந்தது வாடையே இல்லாத பெரிய வெள்ளைப் பூண்டு. அவர் பெயரில் நாங்கள் எதுவும் அனுப்பவில்லை. விசாரித்தால், வாங்கியது வேறொரு கடையில். திருப்பி அனுப்ப வழி தேடும்போது எங்கள் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது.

“ரெண்டு கடையிலயும் ஒரே எழுத்து, ஒரே படம். யாரு யாரைப் பாத்துப் போட்டதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார். நியாயமான கேள்வி. தளத்தில் அந்தக் கடையின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். துணி சுற்றிய என் விரல் அங்கே இருந்தது. ‘உரிக்கச் சிரமம்’ மட்டும் ‘உரிக்க எளிது’ என்று மாறியிருந்தது.

விற்பனைத் தளத்துக்குப் புகார் எழுதினேன். படம் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். கையைப் புதிதாகப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குள் காயம் ஆறியிருந்தது. இரண்டு கையும் ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் அதைப் படித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் எடுத்த தேதியோடு போனில் கிடந்த பழைய படத்தை அனுப்பியபிறகு, அந்தக் கடையில் படத்தை மட்டும் நீக்கினார்கள். எழுத்து அப்படியே இருந்தது.

திருநெல்வேலி அம்மா எங்களிடம் வாங்கினார். எழுதியிருப்பதுபோலவே சரக்கு இருக்கிறது என்று பத்து வரி கருத்துப் போட்டுவிட்டு, கூரியர் தாமதம் என்று மூன்று நட்சத்திரம் கொடுத்தார். கூரியருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவர் கருத்தைப் படித்துத்தான் அடுத்த வாரம் நான்கு பேர் ஆர்டர் போட்டார்கள்.

‘மலைப்பூண்டு’ என்று தேடினால் இன்றைக்கும் அந்தக் கடைதான் முதலில் வருகிறது. நாங்கள் இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறோம்.