ஹார்ன் அடிக்காத வளைவு

சபை ஓட்டத்துக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போன முதல் ஞாயிற்றுக்கிழமையே பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னாலிருந்து ஒரு மாதிரி உறுமல் கேட்டது. கியர் பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து இறங்கிப் போய்ப் பார்த்தால், நாலு ஆம்பிளைகள் பாட்டு பழகிக்கொண்டிருந்தார்கள். கீழ்க் குரலாம். அதற்கு பேஸ் என்று பெயராம். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கேரளத்து ஏலப்பாறை ஜீப் ஸ்டாண்டுக்குப் புதிதாக வரும் பையன்கள் என் கேஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

சபை ஓட்டம்

எஸ்டேட் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனதும் ஒரு ஜீப் வாங்கினேன். டேஷ்போர்டில் முருகன் படம், கண்ணாடியில் கருப்பசாமி துணை. இந்த வண்டியைத்தான் மெனோனைட் என்கிற கிறிஸ்தவ சபையின் பாஸ்டர் வார ஓட்டத்துக்குப் பேசினார். சாமி படம் இருக்கே, பரவாயில்லையா என்று கேட்டேன். பிரேக் இருந்தால் போதும் என்றார். ஆளைப் பிடித்துப்போயிற்று.

நம் மலையில் சபைகளுக்குப் பஞ்சமில்லை. மைக், டிரம், கீபோர்டு வைத்து அடுத்த எஸ்டேட்டு வரைக்கும் கேட்கப் பாடுகிற சபைகள் உண்டு. இது அப்படி இல்லை. தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். மேளமும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. நாலு விதக் குரலில் வெறும் வாயால் பாடுவார்கள். பெண்கள் தலையில் வெள்ளைத் துணி. பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள், வளர்ந்து அதுவாகக் கேட்க வேண்டும். யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. எவ்வளவு சின்ன விஷயத்துக்கும் சத்தியம் பண்ணமாட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலையில் தொழிலாளர் லயங்களுக்குப் போய் ஆட்களை ஏற்ற வேண்டும், மத்தியானம் கொண்டுபோய் விட வேண்டும். செவ்வாய் வீடு சந்திப்பு. உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுக்குப் பாஸ்டரோடு நாலைந்து பேர் போவார்கள். புதன்கிழமை பேக்டரி ஷிப்ட் முடிந்ததும் ஜெபக்கூட்டம். வியாழன் தையல் கூட்டம். அக்காமார் எல்லாம் சேர்ந்து வெட்டுத்துணியை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை டூரிஸ்ட் ஓட்டம் போனால் வருகிறவர்கள் வேட்டி, பேண்ட்டில் எல்லாம் சீட்டில் சிந்திக் கிடந்த சிவப்பு நூலும் பச்சை நூலும் ஒட்டியிருக்கும். சனி சபையைக் கூட்டிக் கழுவும் நாள்.

இது போக, பிஷப் கீழேயிருந்து வரும் நாள் ஒன்று உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை. அன்றைக்குத் திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். அதற்கு முன்னால் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். நம் குளிருக்குப் பச்சைத்தண்ணீரில் கால் கழுவினால் பக்தியை விட நடுக்கம்தான் அதிகமாக வரும். ஆகவே டீக்கடையில் கொதிக்க வைத்த வெந்நீரைக் கேனில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை.

சபையில் பாட்டு நடத்துகிறவன் அருள்ராஜ். பேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. எஸ்டேட்டின் கடைசி டிவிஷனில் வீடு, அதனால் கடைசியாக இறங்குகிறவனும் அவன்தான். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவான். பாட்டு ஓடும்போது நான் ஹார்ன் அடித்தால் நாலு குரலும் நாலு பக்கம் சிதறிவிடும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான். பல் வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், பாட்டு நடக்கும்போது ஹார்னில் கை வைப்பதை விட்டுவிட்டேன். அது பழக்கமாகவே போய்விட்டது.

வளைவு

ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரையும் இறக்கிவிட்டு, அருள்ராஜ் மட்டும் வண்டியில் இருக்க, மேலே கடைசி டிவிஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் கொழுந்துச் சாக்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பாறை முட்டுகிற வளைவில் எதிரே ஒரு பைக். அதற்குப் பின்னால் வந்த டூரிஸ்ட் கார், வளைவிலேயே பைக்கை முந்தியது. பைக்காரன் காருக்கு ஒதுங்கப் பார்த்துச் சறுக்கி, நேரே என் முன் சக்கரத்தில் வந்து விழுந்தான். கார் நிற்கவில்லை. டிராக்டர்காரனுக்குப் பின்னால் நடந்தது எதுவும் தெரியாது.

நானும் அருள்ராஜும்தான் அந்தப் பையனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால் எலும்பு முறிந்திருந்தது. கண் விழித்ததும் ஜீப் இடித்தது என்றுதான் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியாக அவன் கண்ணில் பட்டது என் பம்பர்தான்.

அஜாக்கிரதையாக ஓட்டிக் காயப்படுத்தியதாக என் மேல் கேஸ் ஆனது. தண்டனை விழுந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து வரலாம் என்றார் வக்கீல். ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? சாப்பாடு இறங்கவில்லை. அப்போது வக்கீல், பார்த்த சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. அருள்ராஜ் இருக்கிறானே!

பின் சீட்டு

பேக்டரி வாசலில் போய் நின்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணாச்சி, கோர்ட்டுல கூண்டுல ஏத்திச் சத்தியம் பண்ணச் சொல்லுவாக. நாங்க சத்தியம் பண்ணக் கூடாது. என்னால வர முடியாது."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். சத்தியம் பண்ணுவதில் என்ன வந்தது? நான் தினமும் பத்து சத்தியம் பண்ணுகிறேன். சத்தியமாக அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களிடம் போனில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் குளிக்கவே போவேன். ஒரு மனுஷன் பிழைப்பு போகப்போகிறது, இவனுக்குச் சத்தியம் தடுக்கிறதாம். நழுவுவதற்கு வேதத்தைத் துணைக்கு இழுக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"வண்டியில ஏறும்போது மட்டும் அண்ணாச்சி வேணும், என்ன?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வக்கீலிடம், வரமாட்டேன் என்கிறான் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு காரணமாக எனக்குப் படவில்லை.

சபை ஓட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. தொழில் வேறு, கோபம் வேறு. ஆனால் அருள்ராஜ் முன் சீட்டுக்கு வரவில்லை. பின்னால் தையல்கார அக்காமாருக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு வந்தான். கடைசி டிவிஷன் வரைக்கும் இரண்டு பேரும் தனியாகப் போகும்போதும் பின் சீட்டுதான். பாட்டும் இல்லை. நான் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தேன், தேவையில்லாத இடத்திலும் அடித்தேன்.

ஆறிய வெந்நீர்

பிஷப் வரும் ஞாயிறும் வந்தது. மூன்று கேன் வெந்நீரை இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். திருவிருந்துக்கு முன்னால் பாஸ்டர் ஒவ்வொருவரையும் கேட்பது அவர்கள் வழக்கம்: தேவனோடும் மனுஷரோடும் சமாதானமா? அவரவர் எழுந்து சமாதானம் என்று சொல்ல வேண்டும். ஆம்பிளைகள் வரிசை பாதி முடிந்தது. அதோடு வரிசை நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் வெளியே வந்தார். வெந்நீர் இன்றைக்கு வேண்டாம் அண்ணாச்சி என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அருள்ராஜ் சமாதானம் இல்லேன்னு சொல்லிட்டான். ஒங்களுக்கும் அவனுக்கும் மனஸ்தாபமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உங்கள் சபைக்காரனே இல்லையே, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வெளியில் உட்கார்ந்திருக்கிறவன், என்னைக் கணக்கில் சேர்ப்பானேன் என்றேன். உள்ளே சிலரும் அதையேதான் கேட்டார்களாம். மனுஷரோடும் என்றால் டிரைவரோடும்தானே என்றிருக்கிறான் அவன். அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் பந்தியில் உட்கார மனசில்லாமல், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்கள்.

அக்காமார் அந்த வெந்நீரை ஊற்றி சபைத் தரையைக் கழுவினார்கள். பிஷப்பைப் பஸ் ஏற்றிவிட்டதும் நான்தான். ஒரு சபையின் விருந்தையே நிறுத்திய பெருமை எங்கள் வம்சத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு.

வீட்டுக்குப் போக மனம் வராமல் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நழுவப் பார்க்கிறவன் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அப்படிச் சொல்வானா? இதுவரைக்கும் நான் நினைத்தது சரியில்லையோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

பக்கத்தில் யூனியன் சுப்பையா. செங்கொடிக்காரர், கோயில் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாதவர். அவரிடம் முழுக் கதையையும் கொட்டினேன். அவர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்வே, எங்க எம்.எல்.ஏ. எல்லாம் சாமி பேருலயா பதவி ஏத்துக்கிடுதாங்க? உறுதி கூறுதேன்னுதான சொல்லுதாங்க. கோர்ட்டுலயும் அதுக்கு எடம் உண்டுவே. சத்தியம் வேண்டாம்னா உறுதி சொல்லிட்டுப் பேசலாம்."

நான் அங்கேயிருந்தே வக்கீலுக்குப் போன் போட்டேன். ஆமாம், சட்டத்தில் இருக்கிறது, இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவர் என்னைத் திட்டினார். அந்தத் திட்டு எனக்குப் பாயசமாக இருந்தது. சாமியே கதி என்கிறவனுக்கும் சாமியே இல்லை என்கிறவருக்கும் கோர்ட்டில் ஒரே வாசல் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

புதன் ஜெபக்கூட்டத்தில் இதைப் பாஸ்டரிடம் சொன்னேன். உறுதி சொல்வதும் சத்தியம்தானா இல்லையா என்று அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்த அருள்ராஜ் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கூண்டு

கோர்ட்டில் மாஜிஸ்டிரேட் ஒரு அம்மா. சிப்பந்தி மலையாளத்தில் தெய்வத்தின் பெயரால் என்று ஆரம்பித்ததும், சத்தியம் பண்ணமாட்டேன், உறுதி சொல்கிறேன் என்றான் அருள்ராஜ். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "மதி, அது மதி" என்றார். போதும் என்று அர்த்தம். அதை வாங்கத்தான் நாங்கள் இத்தனை பாடு பட்டோம்.

கார் முந்தியது, பைக் சறுக்கியது, எல்லாம் சரியாகச் சொன்னான். நான் மனசுக்குள் கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டிருந்தேன். அப்போது அரசு வக்கீல் எழுந்து, வளைவில் ஜீப் ஹார்ன் அடித்ததா என்று கேட்டார்.

"அடிக்கல" என்றான்.

என் வக்கீல் கையிலிருந்த பேனாவை மூடினார். பாவி, கெடுத்தானே என்று நினைத்தேன். அரசு வக்கீல் விடவில்லை. ஏன் அடிக்கவில்லை என்றார்.

"நான் பாடிட்டு இருந்தேன் சார். நான் பாடும்போது அவர் அடிக்கமாட்டார்."

கோர்ட்டே சிரித்தது. அந்த அம்மா சிரிக்காமல், வண்டி வேகமாகப் போனதா என்று தானே கேட்டார்.

"இல்ல மேடம். முன்னால கொழுந்து டிராக்டர் போச்சு. அது போன வேகத்துலதான் நாங்களும் போனோம். நடந்து போயிருந்தா இன்னும் முன்னாலயே போயிருப்போம்."

அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் வக்கீல் என் தோளில் தட்டினார். ஹார்ன் அடித்ததாகச் சொல்லியிருந்தால் இது சொல்லிக்கொடுத்த சாட்சி என்று தள்ளியிருப்பார்கள், அடிக்கவில்லை என்றதால்தான் மற்றதெல்லாம் நிற்கும் என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. தீர்ப்பு அன்றைக்கு விளங்கியது. பக்கத்தில் நின்ற மலையாளி டிரைவர், "சேட்டனை வெறுதே விட்டு" என்றான். விடுதலை என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கோர்ட் படியில் உட்கார்ந்து அழுதேன்.

அருள்ராஜ் டீ வாங்கி வந்து கொடுத்தான். ஹார்ன் விஷயத்தைச் சொன்னதில் வருத்தமா அண்ணாச்சி என்றான். நீ இனி வளைவில் பாடாதே என்றேன்.

சமாதானம்

அடுத்த தடவை பிஷப் வந்தபோது நாலு கேன் கொண்டுபோனேன். மூன்று சபைக் கணக்கு, ஒன்று என் கணக்கு. இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். வரிசை அருள்ராஜிடம் வந்தது. அவன் எழுந்தான். பாஸ்டரைப் பார்க்காமல் திரும்பி என்னைப் பார்த்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சபைக்காரன் இல்லாதவன் பேசலாமா என்றுகூட யோசிக்கவில்லை.

"சமாதானம்தாம்பா. தண்ணி ஆறுது, சீக்கிரம்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே சமாதானம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வெந்நீர் ஆவி பறக்கப் பறக்கக் கால் கழுவும் பேசினுக்குப் போனது.

தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். உங்களுக்குச் சாதகமாகவே பேசுகிறவனைச் சாட்சிக்குத் தேடாதீர்கள். உங்கள் தப்பையும் சேர்த்துச் சொல்கிறவன் ஒருவன் பக்கத்து சீட்டில் இருந்தால் அவனை விட்டுவிடாதீர்கள். நான் போனில் சத்தியம் பண்ணுவதை விட்டுவிட்டேன். லேட்டானால் லேட் என்று சொல்கிறேன். வீட்டுக்காரிக்குத்தான் இது இன்னும் நம்பிக்கையாக இல்லை.

இப்போதும் சபை ஓட்டம் நான்தான். பாறை வளைவு வரும்போது நாலு குரலும் தானாக நிற்கும். நான் நன்றாக நீட்டி ஹார்ன் அடிப்பேன். வளைவு திரும்பியதும், விட்ட வரியிலிருந்து அருள்ராஜ் மறுபடி எடுப்பான்.