மகளை நிப்பாட்டிய சேதி

போன மாரிகாலத்தில் கல்முனையில் நடந்தது இது. மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த டாக்டர், டெங்கு, வாட்டில் நிப்பாட்ட வேண்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதை 'நிப்பாட்டுறது' என்போம். மருந்து எடுக்கப் போனார்கள் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நிப்பாட்டிவிட்டார்கள் என்றால் போதும், ஊரே இளநீரும் தோடம்பழமுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று விசாரிக்கும். மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். நான் காய்ச்சல் என்று சொன்னாலும், மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது என்ன நோய் வருத்தமாக மாறியிருக்குமோ? சம்மாந்துறையில் தங்கச்சி வீட்டில் நிற்கிறோம் என்று எல்லோருக்கும் பொய் சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் மாமிக்குத் துணையாக ஒரு பெண் இருந்தார். நான் பையை வைப்பதற்குள் கேட்டார்.

"என்னத்துக்கு ராத்தா மகளை நிப்பாட்டின?"

"சும்மா, காய்ச்சலுக்கு."

"எந்த ஊர்?"

வாயில் வந்த ஊரைச் சொன்னேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியே இல்லை. அவர் ஃபோனை எடுத்தால் படம் பிடிக்கிறாரோ என்று பயம். மகளைப் பார்த்தால் போர்வையை இழுத்து அவள் முகத்தை மூடுவேன். அடுத்த நாள் பின்னேரம் அவர் வெளியே போய் யாருடனோ கதைத்தார். நான் வெட்கமில்லாமல் யன்னலோரம் நின்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் நேரே மகளின் கையைப் பிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புள்ளட கை குளுந்து போய்க் கிடக்கு. கூப்பிட்டாலும் முழிக்கிறா இல்ல."

என் பதிலுக்கு நிற்காமல் அவரே ஓடிப்போய்த் தாதியைக் கூட்டி வந்தார். பிறகு டாக்டர்களும் வந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

மகள் சுகமாகி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாளில் அவர் என்னிடம் வந்தார்.

"நான் மாப்பிள்ளைட சாச்சி, அவர்ட உம்மாட தங்கச்சி. ஃபோட்டோல பாத்ததால முதல் நாளே புள்ளய மட்டுக்கட்டிட்டன். நீங்க மறைக்கிறது விளங்கிச்சு. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கே மாப்பிள்ளையின் உம்மாவுக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வந்து பார்க்க விடவில்லையே என்றுதான் அவர் குறைப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ், கல்யாணம் நல்லபடி முடிந்தது.

என் சந்தேகம் பிழையில்லை, அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள்தான். ஆனால் நான் அவரையே காவல் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்தான் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், பெற்ற எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.