சுப்பிரமணி நிறுத்திய எஞ்சின்

சுப்பிரமணிக்கு எஞ்சின் என்றால் உயிர். சாமி என்றால் அதற்கும் ஒரு படி மேல். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்ததுதான் வினை.

கீழ்பென்னாத்தூரில் பம்ப்செட் பழுது பார்த்துக்கொண்டிருந்த மனிதர், திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் ஃபிட்டராகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷமும் தற்காலிகம்தான். 1999 தீபாவளிக்குள் நிரந்தரம் செய்துவிடுவதாகப் பிரின்சிபால் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் அப்பனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய அருணாதேவி, டாக்டர் பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். டீசல் எஞ்சினில் பிறக்கும் சூட்டில் பாதிக்கு மேல் குளிர்விக்கும் தண்ணீரிலும் புகையிலும் வீணாகப் போகிறது. பிஸ்டனின் தலையில் சிர்கோனியா என்ற பீங்கானை மெல்லிசாகப் பூசிவிட்டால் அந்தச் சூடு உள்ளேயே நின்று வேலை செய்யும் என்று அவள் நம்பினாள். அந்தப் பூச்சுக்காக எட்டு மாதம் பெங்களூருக்கு நடையாக நடந்தாள். கிடைத்தது ஒரே ஒரு பிஸ்டன். “கை படக்கூடாதுண்ணா” என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் சுப்பிரமணியிடம் கொடுத்தாள்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், வைஸ், லேத் எல்லாவற்றுக்கும் விபூதி குழைத்துப் பூசிய மனிதர், வெள்ளை வெளேர் என்று உட்கார்ந்திருந்த பிஸ்டனை மட்டும் எப்படி விடுவார்? அழுக்குதானே படக்கூடாது, விபூதி அழுக்கா என்ன? அதற்கும் பூசினார். பிறகு சுத்தமாகத் துடைத்து எஞ்சினில் மாட்டினார்.

சோதனை நாளன்று அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் சக்கரபாணி, சென்னையிலிருந்து வந்திருந்தார். பிரின்சிபாலும் நின்றார். முழுச் சுமையில் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். இரண்டு மணி நேரம் பிசகில்லாமல் ஓடியது.

அப்போதுதான் அருணாதேவி பிரின்சிபாலுக்கு விளக்கினாள். “இந்தப் பூச்சுல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு சார். உப்போ சாம்பலோ அதுல ஊறிடுச்சுன்னா, இந்தச் சூட்டுல உருகிப் பூச்சையே தூக்கிடும்.”

சுப்பிரமணி எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார். விபூதி சாம்பல்தானே? துடைத்தது மேலே இருந்ததைத்தானே?

காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தத்தில் லேசாக ஒரு கரகரப்பு. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. உதிர்ந்த பீங்கான் உள்ளே அரைபட்டால் சிலிண்டர் கீறி, பிஸ்டன் அதற்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனில் பார்க்க எதுவும் மிஞ்சாது. ‘பூச்சு தாங்கவில்லை’ என்று எழுதி அவள் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டால் தனக்கு நிரந்தர வேலை. யாருக்கும் தெரியப்போவதில்லை. பாழாய்ப்போன மனசு அதையும் ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தது.

கரகரப்பு கூடியது. சுப்பிரமணி பாய்ந்து போய் லீவரை இழுத்தார். எஞ்சின் நின்றது.

“யோவ், இன்னாய்யா பண்ற?” பிரின்சிபால் கத்தினார்.

“பூஜையப்ப பிஸ்டனுக்கு விபூதி வச்சுட்டேன் சார். தப்பு என்னுது. மேடம் பூச்சு மேல தப்பு இல்ல.”

அருணாதேவி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “எட்டு மாசம்ணா…” என்றாள்.

“நாளையிலேருந்து நீ வர வேணாம்” என்றார் பிரின்சிபால்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்குத்தானே சார்? இன்னைக்கு எஞ்சினை இவருதான் பிரிக்கணும்.”

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். சுப்பிரமணி போல்ட்டுகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினார். பிஸ்டன் தலையில் விரல் விரலாக மூன்று கோடுகள், அவர் பூசிய இடத்தில் மட்டும், பெயர்ந்து அடியிலிருந்த உலோகம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பூச்சு கெட்டியாக நின்றது.

சக்கரபாணி குனிந்து வெகுநேரம் பார்த்தார். “பூச்சு தோக்கலம்மா” என்றார். “எது பட்டா போகும்னும் இப்ப தெரிஞ்சுபோச்சு. எழுது.”

“நீங்க நிறுத்தலைன்னா என் பூச்சை நானே நம்பாம விட்டிருப்பேண்ணா” என்றாள் அருணாதேவி.

பிரின்சிபால் மட்டும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்ற சொல்லை மாற்றவில்லை. சுப்பிரமணி கழற்றிய போல்ட்டுகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, அவர்கள் முன்னாலேயே அழுதார்.