வந்து போகும் வலி

எண்ணெய் வாடை. குற்றாலத்துக் கடைவீதியில் அது மூக்கில் ஏறுவதற்குள் என் உடம்பு தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. ஊருக்கே இதம் தரும் வாடை, எனக்குக் குமட்டும்.

அந்த வாடை எனக்கு வெறுத்துப்போன வருடம் வலி வந்திருந்தது. ஆசனவாய்க்குள். சொல்லக் கூசும் இடம். பஸ்ஸில் நிற்கும்போது வரும், சாப்பிடும்போது வரும். உள்ளிருந்து யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. சில நிமிடம். பிறகு சுவடே இருக்காது. ரத்தமில்லை, வீக்கமில்லை, சாட்சியில்லை. அப்பா குடலில் புற்றுநோய் வந்து செத்தவர். வலி வந்த ஒவ்வொரு முறையும் நான் மனசுக்குள் அவருடைய சாவுப் படுக்கையில் படுத்து எழுந்தேன்.

மனைவியிடம் சொல்லத் தைரியமில்லை. துபாயிலிருந்து குற்றாலச் சாரல் சீசனுக்கு வந்திருந்த பள்ளித் தோழனிடம் மட்டும் சொன்னேன். "நாளைக்கே டாக்டர்ட்ட போவோம், நானும் வாரேன்" என்றான். மறுநாள் என்னை ஏற்றிக்கொண்ட அவன் பைக், டாக்டரிடம் போகாமல் இலஞ்சி ஊரைத் தாண்டிக் குற்றால அருவிக்குப் போனது.

"சூடுலே அது. எண்ண தேச்சு அருவில நின்னா எறங்கிரும். இதுக்குப் போயி டாக்டரா?"

எங்கள் பக்கம் பின்புறத்தில் எது வந்தாலும் சூடு. சூட்டுக்கு அருவி. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் என் முதுகில் கைவைத்ததும் இவன் ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் கீழ தேயும். அய்யாவுக்கு அங்கன ஒரு விருந்தாளி வந்து வந்து போறாரு."

பக்கத்தில் எண்ணெய் வழிய நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் மூலத்துக்குக் கருணைக்கிழங்கு என்றார். இன்னொருவர் துத்தி இலை என்றார். "சேர்ல உக்காருதாரா, நின்னுக்கிட்டேதானா?" என்றார் மூன்றாமவர்.

அருவிக்கு அடியில் வலி வந்தது. கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.

"பாருங்க, அருவியக் கும்பிடுதான்" என்றான். தண்ணீரின் இரைச்சலையும் மீறி அந்தச் சிரிப்பு கேட்டது.

தென்காசியில் டாக்டரிடம் தனியாகப் போனேன். கையுறை விரலால் பார்த்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு நாள் வரச்சொல்லிக் கேமராக் குழாய் விட்டும் பார்த்தார்.

"கட்டி எதுவும் இல்ல. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுல்லா, அந்த மாதிரி உள்ள தசை இறுகுது. பயமுறுத்தும், ஆபத்து இல்ல. வந்தா மூச்ச மெதுவா விடுங்க. இளஞ்சூட்டுத் தண்ணில உக்காருங்க. மலச்சிக்கல் வராமப் பாத்துக்கங்க. ரத்தம் போனாலோ, வலி மணிக்கணக்குல நின்னாலோ, எடை கொறஞ்சாலோ உடனே வாங்க."

"அருவி?"

"குளிங்க. மருந்துன்னு நெனச்சுக் குளிக்காதீங்க."

ஊரே குளிர்ந்த தண்ணீருக்கு முண்டியடித்த அந்தச் சாரலில், நான் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரில் உட்கார்ந்திருந்தேன். முறுக்கு மெல்லத் தளர்ந்தது. சாகப்போவதில்லை என்று தெரிந்த நாளில் அதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. அதன் பிறகும் வலி வந்து போனது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவன் திருவனந்தபுரம் விமானத்துக்குக் கிளம்பிய அன்று வழியனுப்பப் போனேன். போகாவிட்டால் வீட்டில் காரணம் கேட்பார்கள். அவன் மச்சினன்மார் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர்ட்ட போனியா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லன்னாரு."

"நாந்தான் அன்னைக்கே சொன்னம்லா" என்றான் மச்சினன்மாரைப் பார்த்து. "அருவில நிப்பாட்டுனதே நாந்தான். அடுத்த சாரலுக்கும் கூட்டிட்டுப் போறேம்லே."

"நீ போ. நான் வரல."