தேயிலையைப் படிக்கவும் ஒரு பட்டமா?

சில வருடங்களுக்கு முன்பு, மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் கடைசித் தரிப்பில் இருக்கிற எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்திருந்த நேரம். உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை எழுதியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் எடுக்காத பெறுபேறு எனக்குக் கிடைத்திருந்தது. தற்பெருமைதான், ஆனால் உண்மை.

அந்த வாரமே எங்கள் இளைஞர் கழகம் பஸ் தரிப்பில் பெரிய பேனர் ஒன்றைக் கட்டிவிட்டது. "எங்கள் தோட்டத்தின் முதல் டொக்டர்" என்று கொட்டை எழுத்து. எந்தப் படிப்புக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்கிற வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை, பல்கலைக்கழகத்துக்கு நான் விண்ணப்பமே போடவில்லை. அதைப் பற்றி யாருக்குக் கவலை? என்னிடம் கேட்டிருந்தால் நல்ல படமாவது கொடுத்திருப்பேன். கேட்காமல், பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்திலிருந்து என் தலையை மட்டும் வெட்டி, வெள்ளைக் கோட் போட்ட யாரோ ஒரு டொக்டரின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். முகம் என் நிறம், கை இரண்டும் வெள்ளை வெளேர். தொழிற்சங்கத் தலைவரின் படம் என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேனரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து லயத்து வீட்டு அக்கா முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வந்துவிட்டார்.

"நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலக்கா."

"அதான் படிக்கப் போறீல்ல, இப்பவே சொன்னா என்னா?"

சிரித்தேன். உண்மையில் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நான் டொக்டர் ஆவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை.

பிறகு விண்ணப்பம் போட மஸ்கெலியா டவுனில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கொமினிகேஷன் கடைக்கு என் சிநேகிதியோடு போனேன். என்னென்ன படிக்க விருப்பம் என்று வரிசையாகப் போட வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, நமது புள்ளிக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதைக் கொடுப்பார்கள். நாட்டில் உள்ள மருத்துவ பீடம் எல்லாவற்றையும் முதலில் போட்டேன். அதற்குக் கீழே பிசியோதெரபி எனும் இயன்மருத்துவம், அதற்கும் கீழே ஆஸ்பத்திரியோடு சம்பந்தப்பட்ட இன்னும் சில. எல்லாம் வெள்ளைக் கோட் போடுகிற படிப்பு.

"இன்னும் எடம் இருக்கு தங்கச்சி, சும்மா விடாம எதையாவது போடுங்க" என்றார் டைப் செய்துகொண்டிருந்த கடைக்கார அக்கா.

சிநேகிதி பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். தேயிலைத் தொழில்நுட்பம் என்று ஒன்று வந்ததும் இரண்டு பேரும் கடை அதிரச் சிரித்தோம். "அதையும் போடுங்கக்கா. எனக்குக் கெடச்சா எங்கம்மாவ அனுப்புறேன், படிக்காமலே பாஸ் பண்ணிரும்" என்றேன். அவரும் போட்டுவிட்டார்.

வெட்டுப்புள்ளி வந்தபோது மருத்துவம் ஒரு துளியில் தவறிப்போனது. ஒரு துளி என்றால் ஒரு துளிதான், அதனால்தான் அவ்வளவு எரிந்தது. இயன்மருத்துவமும் இல்லை. வெள்ளைக் கோட் எதுவுமே இல்லை. எனக்குக் கிடைத்திருந்தது தேயிலைத் தொழில்நுட்பம்.

அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குகூட அவிழ்க்காமல் வாசலில் நின்றபடி கேட்டார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வந்தது பாருங்கள் கோபம்.

"தேயிலையப் படிக்கவும் ஒரு பட்டமா? அதுக்கு யுனிவசிட்டி எதுக்கு? நாளைக்கு எங்கூட மலைக்கு வா, நான் சொல்லித் தாறேன்."

கொஞ்ச நேரத்தில் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "எங்கம்மா பறிச்சா, நான் பறிச்சேன். ஒன்னையாவது இந்தச் செடிகிட்டருந்து பிரிச்சு அனுப்பலாம்னு பார்த்தேன். அது ஒன்னையும் புடிச்சிக்கிச்சே." அதைக் கேட்டதும் எனக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் அழுதோம்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. காலியாகிற இடங்களைப் பிறகு நிரப்புவார்கள், அதில் இயன்மருத்துவம் கிடைக்கலாம் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். ஆனால் அந்த வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அல்லது மூன்றாம் தடவை பரீட்சை எழுதலாம். அதற்கு இன்னொரு வருடம் ஹட்டனுக்கு டியூஷன் போக வேண்டும். முந்திய இரண்டு வருடமும் தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணத்தை அம்மா அப்படியே என் டியூஷனுக்குத்தான் கட்டினார். "அடுத்த தீவாளிக்கும் எனக்குச் சீல வேணாம், நீ எழுது" என்றார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற அப்பா, "நீயும் அம்மாவும் பேசி முடிவெடுங்க" என்று போனை வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், அம்மா சொல்வதுதான் முடிவு.

கிடைத்த இடத்தைப் பதிய அந்த வாரக் கடைசி வரைதான் நேரம். பதியாவிட்டால் அதுவும் போய்விடும்.

பஸ் தரிப்பில் என் தலை தொங்கிக்கொண்டிருந்ததால் நான் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பாதையில்தான் போய் வந்தேன். எங்கள் லயத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஒருநாள் திட்டுவதற்காகவே அங்கே உட்கார்ந்து அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். மண், இரசாயனம், இயந்திரம், சுவை பார்ப்பது, விற்பனை, நிர்வாகம் என்று நீண்டுகொண்டே போனது. திட்ட வந்தவள் மழை தூறுவதும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். கொழுந்து லொறியில் ஏறிப் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று, தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் அடி வாங்கும் வயது தாண்டிவிட்டது என்றாலும் எதற்கு வம்பு.

விடுதிக்கும் உதவிப் பணத்துக்கும் பெற்றோரின் சம்பளச் சான்று கேட்டிருந்தார்கள். "எங்க படிக்கப் போனாலும் இது வேணும்மா" என்று சொல்லி அம்மாவைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். அது பொய்யில்லை, பாதி உண்மை.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளிகள் உள்ளே போவதில்லை. வேலை முடிந்து வந்து வெளியே ஜன்னலோரம் வரிசையில் நின்று, கிளாக்கரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். போகக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. யாரும் போனதில்லை, அவ்வளவுதான். அன்றும் மழை. அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு நின்றார். நான் ஜன்னல் வழியாகத் தாள்களை நீட்டினேன்.

கிளாக்கர் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பின்னால் நின்ற சின்னத்தொரை எட்டிப் பார்த்தார். எங்கள் தோட்டத்துக்கு வந்து சில மாதங்களே ஆன இளம் உதவி முகாமையாளர், சிங்களவர். மலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இந்தக் கோர்ஸ் யாருக்குக் கிடைச்சது?"

"எனக்குத்தான் சேர்."

"நானும் அதுதான் படிச்சது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "மழையில ஏன் நிக்கிறது? உள்ள வாங்க, ரெண்டு பேரும்."

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். அம்மா படியில் காலைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு என் பின்னால் வந்தார். சின்னத்தொரை தானே இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருங்க" என்றார்.

தொரைமார் முன்னால் எங்கள் ஆட்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "பரவால்லங்க தொரை, நிக்கிறோம்" என்றார் அம்மா. நானும் நின்றேன். பேனரில் தலைவருக்குப் பக்கத்தில் தைரியமாகத் தொங்கியவளுக்கு ஒரு நாற்காலியில் உட்காரக் கால் மடங்கவில்லை. பெரிய வாய்க்காரி என்று பெயர் எடுத்த எனக்கு அப்படியொரு கூச்சம் உள்ளே இருந்தது அந்த நிமிடம் வரை தெரியாது.

அப்போதுதான் அம்மாவின் முழங்கை என் முதுகில் பட்டது. சும்மா படவில்லை, நன்றாகவே இடித்தார்.

"ஒக்காரு. அவரு படிச்சத நீயும் படிக்கப் போற. அப்பறம் எதுக்கு நிக்கிற?"

உட்கார்ந்தேன். அம்மா உட்காரவில்லை. என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். அந்தப் படிப்புக்குப் பிறகு என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று சின்னத்தொரை அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். தொழிற்சாலை, ஆராய்ச்சி, கொழும்பில் தேயிலையைச் சுவைத்து விலை மதிக்கிற வேலை, பிறகு அவர் பார்க்கிற இதே வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொம்பளப் புள்ளைங்களையும் தொரையா எடுப்பாங்களா?"

"இப்ப எடுக்கிறது. எங்க பெட்ச்ல படிச்சது கேர்ள்ஸ்தான் கூட."

சான்றை வாங்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கும்போது அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கோபமா என்று பயந்துகொண்டே நடந்தேன். பாதித் தூரத்தில் திடீரென்று கேட்டார்.

"பெரட்டுக்கு நான் லேட்டா வந்தா அரைப்பேரு போடுவியா?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்குப் பாதி நாள் சம்பளம்தான். அதைத்தான் கேட்கிறார்.

"கண்டிப்பாப் போடுவேன்."

"அடிப்பாவி!" என்று கூடையைப் பிடித்துக்கொண்டு அம்மா சிரித்த சிரிப்பு கீழே லயம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்று சாயங்காலமே பாறையில் ஏறி இடத்தைப் பதிந்தேன். அம்மா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மறுநாள் அந்தப் பேனரையும் அம்மாவே அவிழ்த்து வந்துவிட்டார். கழகத்துப் பையன்கள் ஏதோ சொன்னார்களாம். "எம்புள்ள படம், நான் கழட்டுறேன், ஒனக்கென்னா?" என்று கேட்டாராம். தண்ணீர் இறங்காத கெட்டித் துணி, மழைக்குப் படங்கு கட்ட அதைவிட நல்லது கிடைக்காது. அம்மா அதைக் கத்தரித்து மூன்று நான்கு பேருக்குக் கொடுத்தார். என் தலை இருந்த துண்டு முழங்கால் வலி அக்காவுக்குப் போனது. தலைவர் யார் இடுப்புக்குப் போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து எங்களை ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனார்கள். அந்த வாசனையில்தான் நான் பிறந்தேன், வளர்ந்தேன். ஆனால் அதன் கதவுக்கு உள்ளே கால் வைத்தது அன்றுதான். வாடிய கொழுந்தைக் கையில் அள்ளி முகர்ந்துகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. இயன்மருத்துவத்தில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, விருப்பமானால் குறித்த நாளுக்குள் பதிந்துகொள்ளவும். வெள்ளைக் கோட் வீடு தேடி வந்துவிட்டது.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பொய் சொல்லவில்லை, மனது கொஞ்சம் ஆடியது. ஊருக்குப் போனால் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை, அந்த வெள்ளைக் கோட் ஒன்றே போதும். ஆனால் உள்ளே போய் மற்ற இயந்திரங்களையும் பார்க்க வேண்டுமே என்றுதான் கால் துடித்தது. அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அப்பறம் எதுக்குப் போன் எடுத்து நேரத்த வீணாக்குற? தொரை உத்தியோகத்த விட்டுட்டு யாராவது போவாங்களா? உள்ள போ" என்றார்.

உள்ளே போய்விட்டேன். வேண்டாம் என்று பதில் எழுதிப் போட்டதற்கு இன்றுவரை வருந்தியதில்லை. இப்போது கடைசி வருடம். பயிற்சிக்குப் போகிற இடங்களில் பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் உட்காரும்போது என் கால் சில சமயம் தயங்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அம்மாவின் முழங்கை என் முதுகில் இடிக்கிறது, நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.