எரியும் அறைக்குள் என் பெயர்

மாத்தளை டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு, காய்ச்சலில் கிடந்த பின்வீட்டு மாமிக்குக் கஞ்சி கொடுக்க, சமையல் செய்யும் குசினியின் பின்கதவால் வெறுங்காலோடு போனேன். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. சைரன் சத்தம் கேட்டபோதுகூட யார் வீட்டிலோ என்றுதான் நினைத்தோம்.

புகை வாடை வந்ததும் முன்பக்கமாக ஓடினேன். எங்கள் படுக்கையறை ஜன்னலில் கரும்புகை. பயர் பிரிகேட்காரர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"நஸீரா அக்கா! நஸீரா அக்கா!"

யாரோ என்னை நெருப்புக்குள் தேடுகிறார். நானோ தெருவில் நிற்கிறேன். கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. முன்னால் நின்ற எதிர்வீட்டு ராணியின் கையைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தவள் அலறினாள்.

"ஐயோ, அக்கா இங்க இருக்காங்க! வாசல்ல செருப்பு கெடந்துச்சே, உள்ள தூங்குறாங்கன்னு நான்தானே சொன்னேன்!"

பயர் பிரிகேட்காரர் ஒருவர், உள்ளே இருப்பவரை வெளியே வரச்சொல்லி விசில் ஊதினார். என்னைத் தேடி உள்ளே போயிருந்த இளம் பயர் பிரிகேட்காரர் இருமியபடி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அறையின் சீலிங் இடிந்து விழுந்தது. அவர் திட்டவில்லை. "நீங்கதானா நஸீரா அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது பின்வீட்டுக்குப் போனாலும் ராணியிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அறையையும் திருத்திவிட்டோம். ஆனால் பகலில் வீடு அமைதியானால் அங்கிருந்து அந்தக் குரல் என்னைக் கூப்பிடுகிறது. நானும் வாய்விட்டே பதில் சொல்கிறேன்.

"நான் வெளிய வந்துட்டேன் தம்பி. நீங்களும் வந்துடுங்க."